மூளையை எப்படி ஆராய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையை ஆராய இத்தனை கருவிகள் எதற்கு? நல்லதாக ஒன்று போதாதா?

போதாது. ஒரு நியூரானின், அதாவது நரம்பு உயிரணுவின், மின்துடிப்பு ஒரு மில்லிநொடியில் முடிந்துவிடும். ஒரு நினைவோ ஐம்பது ஆண்டுகள் நிற்கும். இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். முழு மூளையோ இரு கைகளில் ஏந்திக்கொள்ளும் அளவு, 1,300 முதல் 1,400 கிராம் எடை. இவ்வளவு சின்னதிலிருந்து இவ்வளவு பெரியது வரை, இவ்வளவு வேகத்திலிருந்து இவ்வளவு மெதுவானது வரை எட்டிப் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தக் கருவியும் எண்ணத்தை அளப்பதில்லை. தலையில் எலக்ட்ரோடுகளை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. மின்னழுத்தத்தை அளக்கிறது. வேலை செய்யும் மூளையை எம்ஆர்ஐயில் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனோடு தொடர்புடைய ஒரு மாற்றத்தை அளக்கிறது. பெட் ஸ்கேன் ஊசியில் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரை எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறது. மற்றதெல்லாம் அந்த அளவீட்டிலிருந்து நாம் ஊகிப்பது. ‘காதலுக்கான இடம் மூளையில் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், முதலில் கேட்க வேண்டியது ‘எதை அளந்தார்கள்?’ என்பதுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒவ்வொரு கருவியிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பவைதான்.

இறந்தவரின் மூளையை வெட்டிப் பார்ப்பது பழைய முறை அல்லவா? இன்னும் செய்கிறார்களா?

செய்கிறார்கள், முன்பைவிட நுணுக்கமாகவே. நியூரானின் வடிவம், அடுக்குகள், எந்த உயிரணுவில் எந்தப் புரதம் என்பதையெல்லாம் மனித மூளையில் இந்த அளவு தெளிவாகக் காட்ட வேறு வழி இல்லை.

புதிதாக எடுத்த மூளை கெட்டித் தயிர் போல இருக்கும். மேசையில் வைத்தாலே தன் எடையால் தானே சப்பையாகிவிடும். அதனால் அடிப்பக்கத்து ரத்தக்குழாயின் கீழே ஒரு நூலைக் கோத்து, 10 சதவீத ஃபார்மலின் நிறைந்த வாளியில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். மூளையின் கன அளவைப்போல் பத்து மடங்காவது கரைசல் வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஊற வேண்டும். ஃபார்மலின் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் ஊறும். இறந்து வெகுநேரம் கழித்து எடுத்த மூளையில், கரைசல் நடுப்பகுதியை எட்டுவதற்குள் பாக்டீரியா பெருகி வாயுவை உண்டாக்கிவிடும். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் அதை நோய் என்று எண்ணிவிடுவதுண்டு. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால், வேலை முழுவதும் ஆவியை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும்.

உறையவைத்து வெட்டுவதானால் இன்னொரு படி உண்டு. மூளையில் நீர் அதிகம். அப்படியே உறையவைத்தால் பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்துவிடும். அதைத் தடுக்க 10, 20, 30 சதவீதச் சர்க்கரைக் கரைசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஊறவைப்பார்கள். திசு மிதந்துகொண்டிருந்தால் இன்னும் தயாராகவில்லை. அடியில் அமிழ்ந்துவிட்டால் சர்க்கரை உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். கடிகாரத்தைவிட இந்த அடையாளத்தை நம்புவதே நல்லது. அவசரப்பட்டு மிதக்கும் திசுவை உறையவைத்தவர்களுக்குக் கிடைப்பது சல்லடை.

பிறகு வெட்டு. 2013-இல் ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தாரும் மான்ட்ரியல் ஆய்வாளர்களும் வெளியிட்ட ‘பிக் பிரெயின்’ என்ற முப்பரிமாணப் படத்துக்காக, 65 வயதுப் பெண் ஒருவரின் மூளையை 20 மைக்ரான் கனத்தில் 7,404 சீவல்களாக வெட்டினார்கள். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கனம் அது. சென்னை ஐஐடியில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையமும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. கருவில் நான்கு முதல் ஆறு மாத வளர்ச்சியில் இருந்த மூளைகளின் 5,132 சீவல்களை 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது. உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத பொருள் அது. உயிரியல் படிக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

வெட்டிய சீவலைக் கண்ணாடித் துண்டில் வைத்தால் ஏன் ஒன்றும் தெரிவதில்லை?

நிறம் ஏற்றாத மூளைத் திசு ஒளியை அப்படியே விட்டுவிடும். எல்லா உயிரணுக்களுக்கும் நிறம் ஏற்றினாலோ அடர்ந்த காட்டை மேலிருந்து பார்ப்பது போல ஆகிவிடும். எந்தக் கிளை எந்த மரத்துடையது என்று பிரிக்க முடியாது.

1873-இல் கமில்லோ கோல்ஜி இத்தாலியில் கண்ட வழி இது: திசுவை முதலில் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போடுவது. நூறில் ஓரிரு நியூரான்கள் மட்டும் வேர் முதல் நுனி வரை கறுப்பாகிவிடும். மற்றவை மஞ்சள் பின்னணியில் மறைந்துபோகும். இது குறைபாடு போலத் தெரிந்தாலும், அந்த முறையின் பெரும் பலமே அதுதான். அதே சாயத்தை வைத்து ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் நியூரான்கள் தனித்தனி உயிரணுக்கள் என்று காட்டினார். கோல்ஜியோ அவை ஒரே தொடர் வலை என்று நம்பினார். 1906-இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். மேடையில் கோல்ஜி தன் பழைய கருத்தையே பேசினார். ஒரே சாயம், எதிரெதிர் முடிவுகள்.

உயிரணு உடல்களை மட்டும் ஊதாவாகக் காட்டும் நிசில் சாயம் வேறு வகை. அடுக்குகளின் தடிமனையும் நெருக்கத்தையும் அதில் பார்த்துத்தான் கோர்பினியன் புரோட்மன் 1909-இல் மூளையின் வெளி அடுக்கான புறணியை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்தார். ‘பகுதி 17’, ‘பகுதி 4’ என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது அந்த எண்களைத்தான்.

மூளையில் 8,600 கோடி நியூரான்கள் என்கிறார்களே, யார் எண்ணினார்கள்?

பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர். முடிவு 2009-இல் வெளியானது. அவர்கள் சீவல்களை எண்ணவில்லை. மூளையைக் கரைத்தே விட்டார்கள். ஃபார்மலினில் கெட்டியான திசுவைச் சோப்புக் கரைசலில் அரைத்தால் உயிரணுச் சவ்வுகள் கரைந்து, அவற்றின் கருக்கள் மட்டும் மிதக்கும். நன்றாகக் கலக்கி, சில துளிகளை எடுத்து நுண்ணோக்கியில் எண்ணி, மொத்தக் கன அளவால் பெருக்க வேண்டியதுதான். நியூரான்களின் கருவை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், நியூரான் எவ்வளவு, மற்ற உயிரணுக்கள் எவ்வளவு என்பதும் கிடைக்கும். அதுவரை பாடப்புத்தகங்கள் பத்தாயிரம் கோடி என்று எழுதிவந்தன.

இ.இ.ஜி. எடுக்கப் போகும்போது தலையில் எண்ணெய் வைக்காதே என்கிறார்கள். ஏன்?

உச்சந்தலையில் கிடைக்கும் மின்னழுத்தம் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். ஒரு பென்சில் பேட்டரியின் அழுத்தத்தில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. இதைத் தலையில் ஒட்டும் உலோக முனையான எலக்ட்ரோடு பிடிக்க வேண்டுமானால், தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது; தோலின் மேல் மெல்லிய படலமாக நின்றாலே தடை பல மடங்கு ஏறிவிடும், பசையும் ஒட்டாமல் வழுக்கும். ஆகவே முதல் நாள் இரவோ அன்று காலையோ ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவைத்து, எண்ணெயோ கிரீமோ வைக்காமல், பின்னலை அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்.

வேலை ஓர் அளவுநாடாவில் தொடங்குகிறது. இரு புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து, உச்சி வழியாக, பிடரியில் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு வரை அளப்பார்கள். 36 செ.மீ. வந்தால், முன்னாலிருந்து அதன் 10 சதவீதமான 3.6 செ.மீ.யில் முதல் புள்ளி. பிறகு 20 சதவீதம், அதாவது 7.2 செ.மீ.க்கு ஒன்று. சரிபாதியான 18 செ.மீ.யில், இரு காதுகளுக்கும் சம தூரத்தில், உச்சிப் புள்ளி. ‘10-20 முறை’ என்ற பெயர் இதனால் வந்தது. 1958-இல் உலக அளவில் ஒரே முறையாக வகுத்தார்கள். தலை சிறிதானாலும் பெரிதானாலும் ஒரே பெயர் கொண்ட எலக்ட்ரோடு மூளையின் ஏறக்குறைய ஒரே இடத்தின் மேல் உட்காரும். ஒற்றை எண் என்றால் இடப்பக்கம், இரட்டை என்றால் வலப்பக்கம்.

குறித்த இடத்தில் முடியை வகிர்ந்து, நெருநெருப்பான பசையைப் பஞ்சில் தொட்டு, தோலின் மேல்படிவம் போகும்படி மெல்லத் தேய்த்து, அதன்மேல் கடத்தும் பசையுடன் எலக்ட்ரோடை அழுத்த வேண்டும். அடிக்கடி நேரும் தவறு, பசையை அள்ளிப் பூசுவது. பக்கத்து எலக்ட்ரோடின் பசையோடு கலந்துவிட்டால் இரண்டும் ஒரே புள்ளியாகிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைக் காட்டும் கோடு தட்டையாகிவிடும். அதைப் பார்த்து மூளையின் அந்தப் பகுதி செயலற்றுவிட்டது என்று நினைப்பது பெரும் பிழை.

இ.இ.ஜி.யில் வரும் கோடுகள் எல்லாம் மூளையிலிருந்து வருபவைதானா?

இல்லை. கண்ணின் முன்புறம் நேர்மின்னேற்றமும் பின்புறம் எதிர்மின்னேற்றமும் கொண்டது. இமைக்கும்போது கண்விழி மேலே உருளும். உடனே நெற்றி எலக்ட்ரோடுகளில் மூளை அலையைவிடப் பெரிய மேடு ஒன்று எழும். பல்லைக் கடித்தால் இரு பக்க நெற்றிப்பொட்டுகளிலும் புல் முளைத்தது போல் அடர்ந்த கோடுகள் வரும். வியர்த்தால் கோடு முழுவதும் மெதுவாக ஏறி இறங்கும். நம் ஊர்க் கோடையில் அறையைக் குளிராக வைக்க இதுவே போதுமான காரணம். சுவரில் ஓடும் மின்கம்பியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். இரண்டு எலக்ட்ரோடுகளின் தடை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டால் அந்த இரைச்சல் கழிபடாமல் உள்ளே புகுந்துவிடும். வடிகட்டியைப் போட்டு மறைப்பதைவிட, எழுந்து போய் அந்த எலக்ட்ரோடைச் சரிசெய்வதே முறை.

எஞ்சுவதுதான் மூளை. ஹான்ஸ் பெர்கர் 1924-இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் முதன்முதலாகப் பதிவுசெய்து, ஐந்தாண்டு சரிபார்த்து 1929-இல் வெளியிட்ட ஆல்பா அலையை இன்றும் எந்த ஆய்வகத்திலும் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். கண்ணை மூடச் சொன்னால் தலையின் பின்புறத்தில் நொடிக்கு 8 முதல் 13 வரை சீரான அலைகள் எழும், திறந்தால் அடங்கும். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இதைவிட நல்ல சோதனை இல்லை.

இ.இ.ஜி.யின் பலம் வேகம். பலவீனம் இடம். புறணியில் 6 முதல் 10 சதுர செ.மீ. பரப்பு ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்கினால்தான் உச்சந்தலையில் தெளிவாகத் தெரியும். அதையும் மண்டையோடு கலங்கலாக்கிவிடும். ஆகவே ஒரு தடவை எடுத்த இ.இ.ஜி. சரியாக இருந்தால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகாது.

எம்ஆர்ஐ அறைக்குள் போகும்முன் ஊக்கு, மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது ஏன்?

3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) எம்ஆர்ஐயின் காந்தப்புலம், தமிழ்நாட்டில் உள்ள பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 75 ஆயிரம் மடங்கு. ஸ்கேன் ஓடாதபோதும், இரவிலும், மின்சாரம் போனாலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கிய சுருளில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை மறந்ததால்தான் விபத்துகள் நடந்திருக்கின்றன. ஆக்சிஜன் சிலிண்டர் பறந்துபோய் உயிர் போனதும் உண்டு.

இதில் மிக ஆபத்தானது தங்கத் தாலி அல்ல, தாலிச் சரட்டில் கோத்து வைத்திருக்கும் எஃகு ஊக்கு. தங்கத்தையும் சுத்த வெள்ளியையும் காந்தம் இழுக்காது. ஆனால் ரேடியோ அலையில் சூடாகும், அருகில் உள்ள படத்தையும் கெடுக்கும். ஊக்கும் ஹேர்பின்னும் முகத்தை நோக்கியே பறக்கும். புடவைச் சரிகையின் உலோக இழையும் சூடாகலாம். சில கண்மைகளில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் கண் பகுதிப் படம் கோணலாகும். தாலியைக் கழற்றத் தயங்குபவர்களுக்கு அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாம். அதில் உலோகம் எதுவும் கோத்திருக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர், காதில் காக்ளியர் கருவி, மூளையில் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் பட்ட பழைய காயம் இவற்றில் எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லியே ஆக வேண்டும். பட்டறை வேலை செய்பவர்கள் கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுவதுண்டு.

படம் உண்டாவது உடலின் நீரிலிருந்து. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இந்தப் புலத்தில் நொடிக்குச் சுமார் 12.8 கோடி முறை சுழலும். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால் அவை சாய்ந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும்போது சைகை (சிக்னல்) தரும். கொழுப்பு நிறைந்த வெள்ளைப் பகுதியும், உயிரணு உடல்கள் நிறைந்த சாம்பல் பகுதியும், நீர்மமும் வெவ்வேறு வேகத்தில் திரும்புவதால் படத்தில் வேறுபாடு தெரிகிறது. எந்த இடத்திலிருந்து சைகை வந்தது என்று அறிய, துணைச் சுருள்கள் புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுருள்கள் அதிர்வதுதான் ‘டக டக’ சத்தம். ஒரு மி.மீ. நுணுக்கத்தில் முழு மூளைப் படத்துக்கு ஐந்து நிமிடம் போல ஆகும். அதற்குள் தலையை ஆட்டினால் ஓரங்களில் வளையம் வளையமாகக் கோடு விழும்.

அப்படியானால் விபத்து என்றால் ஏன் முதலில் சி.டி. எடுக்கிறார்கள்?

நேரம். சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும், புதிய ரத்தக்கசிவு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், உலோகப் பிரச்சினையும் இல்லை. எக்ஸ்ரே கதிர்வீச்சு உண்டு, தலைக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட். முதல் நோயாளிக்கு 1971 அக்டோபரில் லண்டனில் எடுத்தார்கள்.

எஃப்எம்ஆர்ஐ படத்தில் சிவப்பாக ஒளிர்வது என்ன?

எதுவும் ஒளிர்வதில்லை. அது கணினி பூசிய வண்ணம்.

நியூரான்கள் வேலை செய்யும்போது அந்த இடத்துக்கு ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் குலைக்கும். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் குலைக்காது. புது ரத்தம் வந்து முன்னதைத் தள்ளிவிடுவதால் எம்ஆர்ஐ சைகை கொஞ்சம் கூடும். இதை 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். 1992-க்குள் மனிதர்களில் செய்துவிட்டார்கள். கூடும் அளவு ஓரிரு சதவீதம். நியூரான் இயங்கி ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். அதாவது நாம் பார்ப்பது நியூரானை அல்ல, அதற்கு ஊட்டம் கொடுக்கும் குழாயை, அதுவும் தாமதமாக.

விரல் தட்டும் எளிய சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 நொடி தட்டச் சொல்லி, 20 நொடி சும்மா இருக்கச் சொல்லி, இதைப் பல முறை செய்வார்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை முழு மூளையும் பதிவாகும். பக்கத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. கொண்ட சிறு கனசதுரம்தான் படத்தின் அலகு. அதற்கு வோக்சல் என்று பெயர். ஒரு வோக்சலில் பல லட்சம் நியூரான்கள் அடங்கும். தட்டும் நேரத்துச் சைகையிலிருந்து சும்மா இருந்த நேரத்துச் சைகையைக் கழித்து, வித்தியாசம் தற்செயலாக வந்திருக்காது என்று கணக்கு சொல்லும் இடங்களுக்கு மட்டும் வண்ணம் பூசுவார்கள். வண்ணம் இல்லாத இடமும் உயிரோடு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

எஃப்எம்ஆர்ஐ முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?

செத்த சால்மன் மீன் ஒன்றின் கதை இதற்குப் பயன்படும். 2009-இல் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் கடையில் வாங்கிய மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று அதனிடம் ‘கேட்டார்கள்’. வழக்கமான தளர்ந்த கணக்கில், செத்த மீனின் மூளையில் சில வோக்சல்கள் சிவந்தன. காரணம் எளிது. ஒரு லட்சம் வோக்சல்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, ஆயிரத்தில் ஒன்று தவறலாம் என்று விட்டால்கூட நூறு வோக்சல்கள் சும்மாவே தேறிவிடும். பல சோதனைகளுக்கான திருத்தத்தைச் செய்ததும் மீன் அமைதியாகிவிட்டது.

அது தீர்ந்த பிரச்சினை என்று சொல்ல முடியாது. 2020-இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே பாதையில் கணக்கிடவில்லை. சில கேள்விகளுக்கு விடைகள் இரண்டாகப் பிரிந்தன. 2022-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, மனிதர்களின் குணம், திறன் போன்றவற்றை மூளைப் படத்தோடு பொருத்திப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று காட்டியது. இருபத்தைந்து பேரை வைத்துச் செய்த ஆய்வு ‘புத்திசாலிகளின் மூளை இப்படி’ என்று சொன்னால் கடந்து போய்விடலாம்.

தலை அசைவு தனித் தொல்லை. அரை மி.மீ. அசைவு போதும், கணக்கைக் கெடுக்க. குழந்தைகளும் நோயாளிகளும் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். அந்த அசைவே ‘இவர்களின் மூளை இணைப்பு வேறு’ என்று பொய்யாகத் தோன்றிவிடும் என்று 2012-இல் தெரிந்தபோது பல பழைய முடிவுகளைத் திரும்பப் பார்க்க வேண்டிவந்தது. காப்பி குடித்துவிட்டு வந்தாலும் மூளையின் ரத்தவோட்டம் குறைந்து சைகை மாறும். மூக்குக்கு மேலும் காதுக்கு அருகிலும் உள்ள காற்றறைகளால் அங்கே சைகை மங்கிப்போகும். அங்கே ‘எதுவும் இல்லை’ என்றால் அளக்கவே முடியவில்லை என்றும் இருக்கலாம்.

விரல் அசைவு, பார்வை, மொழி போன்றவற்றின் இடத்தை ஒரு தனி ஆளில் காட்டுவதில் எஃப்எம்ஆர்ஐ உறுதியானது. கட்டி அறுவைக்கு முன் மொழிப் பகுதியைக் குறிக்க நம்பிப் பயன்படுத்துகிறார்கள். மனநிலை, ஒழுக்கம், அரசியல் என்று போகப்போகத் தரை வழுக்கும்.

வண்ண வண்ண நூல்கண்டு போல நரம்புப் பாதைகளைக் காட்டும் படம் உண்மையானதா?

அது எம்ஆர்ஐயில் அளந்த நீரின் அசைவிலிருந்து வரைந்த ஊகம். நரம்பிழைகளுக்குக் குறுக்கே நகர்வதைவிட நெடுக நகர்வது நீர்மூலக்கூறுக்கு எளிது. முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட திசைகளில் அளந்து, ஒவ்வொரு வோக்சலிலும் நீர் எந்தப் பக்கம் எளிதாக நகர்கிறது என்று கண்டு, கணினி ஒன்றோடொன்று இணைத்துக் கோடு போடும். இரண்டு பாதைகள் ஒரே வோக்சலில் குறுக்கிட்டால் கோடு எந்தப் பக்கம் திரும்பும்? இதுதான் சிக்கல். 2017-இல் விடை தெரிந்த செயற்கைத் தரவைப் பல குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, உண்மையான பெரும்பாதைகளைப் பிடித்தார்கள்; கூடவே இல்லாத பாதைகளையும் ஏராளமாக வரைந்தார்கள். அந்தக் கோடு இழை எந்தத் திசையில் செய்தி கொண்டுபோகிறது என்றும் சொல்லாது.

பெட் ஸ்கேனுக்கு முன் ஏன் பட்டினி, ஏன் இருட்டறை?

ஊசியில் ஏற்றுவது ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டிய சர்க்கரை. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருந்தால் இதற்கு நுழைய இடம் இராது, படம் மங்கிவிடும். அதனால் நான்கு முதல் ஆறு மணி நேரம் தண்ணீர் மட்டும். நீரிழிவு உள்ளவர்கள் மருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் போல மங்கிய வெளிச்சத்தில் பேசாமல், செல்போன் பார்க்காமல் இருக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் மூளை எங்கே உழைக்கிறதோ அங்கே சர்க்கரை போய்த் தங்கிவிடும். பேசினால் மொழிப் பகுதி, வீடியோ பார்த்தால் பார்வைப் பகுதி. பிறகு ஸ்கேனர் எடுப்பது அந்த அரை மணியின் கணக்கு.

ஃப்ளோரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதை உண்டாக்கும் இயந்திரமான சைக்ளோட்ரானிலிருந்து புறப்பட்ட மருந்து போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆக்சிஜன்-15 இரண்டே நிமிடம். சைக்ளோட்ரான் அதே வளாகத்தில் இருந்தால்தான் முடியும். இடத் தெளிவு 4, 5 மி.மீ.தான் என்றாலும், டோபமைன், அமிலாய்டு போன்ற குறிப்பிட்ட வேதிப்பொருள்களை உயிருள்ள மூளையில் தேடிப்பிடிக்க பெட்டுக்கு நிகர் இல்லை.

எம்இஜி என்பது என்ன? இ.இ.ஜி.யைவிட மேலானதா?

அதே நியூரான்களின் காந்தப்புலத்தை அளப்பது. அந்தப் புலம் 100 ஃபெம்டோடெஸ்லா அளவு, பூமியின் புலத்தில் 40 கோடியில் ஒரு பங்கு. அடுத்த தெருவில் போகும் பஸ்ஸே அதைவிடப் பெரிய சைகை தரும்; அதனால் தனி உலோகக் கலவையால் மூடிய அறை வேண்டும். மண்டையோடு காந்தப்புலத்தைக் கலக்காது என்பதால் இடம் இ.இ.ஜி.யைவிடத் தெளிவு. ஆனால் மேல்நோக்கி நேராக நிற்கும் மின்னோட்டம் எம்இஜிக்குத் தெரியாது, இ.இ.ஜி.க்குத் தெரியும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990-களில் கை இழந்தவர்களை ஆராய்ந்தபோது, கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் உணர்வதாகச் சிலர் சொன்னார்கள். தொடுவதற்குத் தேவைப்பட்டது ஒரு பஞ்சுக்குச்சி. கைக்குரிய இடத்துக்கு முகத்தின் உணர்வு படர்ந்துவிட்டதை 1994-இல் எம்இஜி வைத்து அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். மலிவான சோதனை கேள்வியை எழுப்ப, விலையுயர்ந்த கருவி அதைச் சரிபார்த்தது. மூளை ஆய்வு இந்த வரிசையில் நடப்பதே நல்லது.

ஒரே ஒரு நியூரானைக் கேட்க முடியுமா?

முடியும், ஆனால் மூளைக்குள் போக வேண்டும். 1950-களின் இறுதியில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் டங்ஸ்டன் கம்பியை இறக்கி, புள்ளிகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நியூரான் பேசவே இல்லை. புள்ளி கொண்ட கண்ணாடித் தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் கோடாக நகர்ந்தது, ஒலிபெருக்கி படபடத்தது. அந்த நியூரானுக்குப் புள்ளி வேண்டாம், குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடு வேண்டும். 1981-இல் நோபல் பரிசு.

இப்போது ‘நியூரோபிக்சல்ஸ்’ என்ற சிலிக்கன் ஊசி, முடியின் தடிமன்தான், 384 தடங்களில் ஒரே நேரத்தில் பதிவுசெய்கிறது. சிரமம் பிறகு வருகிறது. ஒரு தடத்தில் நாலைந்து நியூரான்களின் துடிப்புகள் கலந்திருக்கும்; வடிவத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். மூச்சுவிடும்போதே மூளை சில மைக்ரான் அசையும். காலையில் ‘நியூரான் 12’ என்று பெயரிட்டது மாலையில் வேறொன்றாக இருக்கலாம். மனிதர்களில் இத்தகைய பதிவு, பெரும்பாலும் வலிப்பு நோய் அறுவைக்காக ஏற்கெனவே எலக்ட்ரோடு வைத்தவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு மட்டுமே.

ஒரு பகுதி ‘வேலை செய்கிறது’ என்பதற்கும் ‘அதனால்தான் நடக்கிறது’ என்பதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

அந்தப் பகுதியைத் தடுத்தோ தூண்டியோ பார்க்க வேண்டும். இதுவரை சொன்ன ஸ்கேன்கள் எதுவும் அதைச் செய்வதில்லை.

முதலில் நோய் செய்தது. 1861-இல் பாரிசில் பால் புரோக்கா பார்த்த நோயாளி ‘டான்’ என்ற ஓரசையை மட்டுமே சொல்லக்கூடியவர். இறந்த பின் இடப்பக்க நெற்றி மடலில் சிதைவு தெரிந்தது. ஹெச்.எம். என்று அறியப்பட்டவருக்கு 1953-இல் வலிப்புக்காக மூளையின் உட்பகுதியில் இரு பக்கமும் உள்ள ஹிப்போகாம்பஸில் பெரும்பாகத்தை அகற்றிய பின் புதிய நிகழ்ச்சிகள் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் திறமை நாளுக்கு நாள் கூடியது, முன்தினம் வரைந்தது நினைவே இல்லாமல். நினைவு ஒன்றல்ல, பல வகை என்பது அங்கிருந்து வந்தது.

ஆரோக்கியமானவர்களில், காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் உதவும். 1985-இல் ஷெஃபீல்டில் தொடங்கிய இந்த முறையில், தலைக்கு மேல் வைத்த சுருளில் ஒரு கணம் பாயும் மின்னோட்டம் புறணியில் மின்னோட்டத்தைத் தூண்டும். கட்டைவிரல் துடிக்கும் குறைந்தபட்ச வலிமையைக் கண்டுபிடித்து அதற்கேற்ப அளவு வைப்பார்கள். இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாது. சுருளின் ‘டிக்’ சத்தமே கவனத்தைக் கலைக்கும் என்பதால், சத்தம் மட்டும் போடும் போலிச் சுருளால் ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வலிப்பு வந்தவர்களும் தலையில் உலோகம் உள்ளவர்களும் இதில் சேரக் கூடாது. பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரதத்தை எலியின் நியூரானில் வைத்து நீல ஒளியால் இயக்கும் முறை 2005 முதல் உண்டு. குறிப்பிட்ட வகை நியூரானை மட்டும் மில்லிநொடிக் கணக்கில் இயக்க அதுவே வழி.

முழு மூளையின் இணைப்பு வரைபடம் வந்துவிட்டதா?

302 நியூரான் கொண்ட ஒரு புழுவுக்கு 1986-இல் வந்தது. வளர்ந்த பழ ஈக்கு 2024 அக்டோபரில்: 1,39,255 நியூரான்கள், ஐந்து கோடிக்கு மேல் இணைப்புகள். மூளையை 40 நானோமீட்டர் சீவல்களாக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் இழைகளைக் கணினி தொடர்ந்து போகும்; ஒரு சீவல் மடிந்தாலும் இரண்டு இழைகளை ஒன்றாக ஒட்டிவிடும் அல்லது ஒன்றை அறுத்துவிடும். அதை மனிதக் கண்ணால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். மனித மூளையில் ஒரு கன மி.மீ. துண்டுக்கே 1.4 பெட்டாபைட் (14 லட்சம் ஜிகாபைட்) தரவு தேவைப்பட்டது. முழு மூளை ஏறக்குறைய 12 லட்சம் அத்தகைய துண்டுகள். அதுவும் கிடைத்தால்கூட இணைப்பு எங்கே என்று தெரியும். அதில் எப்போது என்ன ஓடியது என்று தெரியாது. புழுவின் வரைபடம் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் அதன் நடத்தை முழுவதையும் வரைபடத்திலிருந்து சொல்லிவிட முடியவில்லை.

ஆய்வுக்காக எம்ஆர்ஐ எடுத்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

போகலாம், கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, அதன் எண் படிவத்தில் இருக்கிறதா? நடுவில் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாமா? படத்தில் கட்டி போல எதிர்பாராத ஒன்று தெரிந்தால் யார் பார்ப்பார்கள், உங்களுக்குச் சொல்வார்களா? ஆய்வு ஸ்கேனை எல்லா இடத்திலும் கதிரியக்க மருத்துவர் பார்ப்பதில்லை. ‘ஸ்கேன் எடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நலம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தரவைப் பொதுவில் வெளியிட்டால் முகத்தை அழித்துவிட்டு வெளியிடுவார்களா என்றும் கேளுங்கள். எம்ஆர்ஐ படத்திலிருந்து முகத்தை மீட்டெடுக்க முடியும். குழாய்க்குள் மூச்சு முட்டுவது போலிருந்தால் கையில் தரும் ரப்பர் பந்தை அழுத்துங்கள். உடனே வெளியே எடுத்துவிடுவார்கள்.